சிங்க் தேயவில்லை, சுக்கான் தேய்கிறது: பலநாள் படகொன்றின் கதோட்டுப் பாதுகாப்பைச் சரிசெய்த பதிவு

படகு: திருகோணமலையின் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் கட்டி நிறுத்தும் பலநாள் படகு. பைபர்கிளாஸ் உடல், உள்ளே டீசல் எஞ்சின். நீருக்குக் கீழே உள்ள உலோகங்கள்: 5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள 316 ஸ்ரெயின்லெஸ் சாஃப்ட், 70 சென்ரிமீற்றர் விட்டமுள்ள மூன்றிதழ் புரொப்பெல்லர், மெல்லுருக்குச் சுக்கான், அடியில் போல்ட் போட்டுப் பூட்டிய இரண்டு சிங்க் (நாகம்) கட்டிகள்.

முறைப்பாடு: சுக்கான் தகட்டில் 3 மில்லிமீற்றர் வரை ஆழமான குழிகள். புரொப்பெல்லர் இதழ் நுனிகளில் செம்பு நிறம், தட்டினால் மங்கிய சத்தம். வெண்கலம் என்று விற்கப்படும் புரொப்பெல்லர்களில் கணிசமானவை உண்மையில் மாங்கனீசு சேர்த்த உயர்வலுப் பித்தளை. அதிலுள்ள நாகம் கரைந்து போனால் மிஞ்சுவது பஞ்சு போன்ற செம்புதான். சிங்க் கட்டிகளோ வாங்கிப் பூட்டியபடியே இருந்தன.

“சிங்க் இன்னும் புதுசு மாதிரி இருக்குது” என்பதைப் படகு கரையேற்றும் இடத்தில் நல்ல செய்தியாகத்தான் சொல்வார்கள். அதுதான் கோளாறே. நாகம் கரைந்து இலத்திரன்களைக் கொடுத்தால்தான் சுக்கானும் புரொப்பெல்லரும் கரையாமல் நிற்கும்; கதோட்டுப் பாதுகாப்பு என்பது இதுதான். 1 அம்பியர் மின்னோட்டம் ஒரு வருடம் ஓடினால் ஏறத்தாழ 11 கிலோ சிங்க் போயிருக்க வேண்டும். கட்டி தேயவில்லையென்றால் மின்னோட்டம் ஓடவில்லை. ஓடாததற்கு, கட்டிக்கும் மற்ற உலோகத்துக்கும் இடையில் தொடர்பு அறுந்திருக்கலாம்; கட்டியின் மேல் பெயின்ற்றோ தடித்த மேலோடோ இருக்கலாம்; கட்டி வார்த்த நாகமே தரமற்றதாக இருக்கலாம். வெறும் கண்ணால் இவற்றைப் பிரித்தறிய முடியாது. கடல்நீரில் ஒவ்வொரு உலோகத்தின் மின்வாய் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். அதற்கு ஓர் ஒப்பீட்டு மின்வாய், அதாவது தன் அழுத்தம் மாறாமல் நின்று மற்ற உலோகங்களை ஒப்பிட உதவும் மின்வாய், தேவை. கடையில் வாங்கினால் விலை அதிகம். வீட்டில் செய்தது சில மில்லிவோல்ற்று வித்தியாசத்துக்குள் அதே வேலையைச் செய்யும்.

வெள்ளி–வெள்ளிக் குளோரைட்டு மின்வாய்

1 மில்லிமீற்றர் தடிப்புள்ள தூய வெள்ளிக் கம்பி, 8 சென்ரிமீற்றர் நீளத்தில் இரண்டு துண்டு. நகைக்கடையில் கேட்கும்போது ஆபரண வெள்ளி வேண்டாம், கலப்பில்லாத வெள்ளி வேண்டும் என்று சொல்லியே வாங்க வேண்டும். 92.5 வீத வெள்ளியில் மீதி பெரும்பாலும் செம்பு. அந்தச் செம்பு தன் பாட்டுக்குக் கரைந்து அளவீட்டை மெல்ல மெல்ல நகர்த்திவிடும். மருந்துக்கடையில் 10 மில்லிலீற்றர் ஊசிக்குழாய் இரண்டு. மற்றவை: எபொக்சிப் பசை, 600 இலக்க மணல்தாள், 1.5 வோல்ற்று பற்றறி இரண்டு, 2.2 கிலோ ஓம் தடையி, ஓர் எவர்சில்வர் கரண்டி. கடல்நீர் 1 லீற்றர் வேண்டும். அதைத் துறைமுகத்துக்குள் அள்ளக்கூடாது. மழையில்லாத நாளில் நிலாவெளிப் பக்கம் திறந்த கடலில் அள்ளித் துணியில் வடித்தால் போதும்.

முதலில் ஊசிக்குழாயின் தள்ளுதண்டிலிருந்து இறப்பர் முனையைக் கழற்றி, நடுவில் துளைத்து, வெள்ளிக் கம்பியை நுழைக்க வேண்டும். கம்பியின் மேல்நுனியில் செம்பு வயரை ஈயம் வைத்து ஒட்டி, ஒட்டை முழுவதும் எபொக்சியால் மூட வேண்டும். கவனம் முழுக்க இங்கேதான். மயிரிழை அளவு செம்போ ஈயமோ உப்புநீரைத் தொட்டால் வெள்ளியின் அழுத்தமும் இல்லாமல் செம்பின் அழுத்தமும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று வாசிக்கும். அதுவும் நிலையாக நிற்காது. பசை ஒரு நாள் முழுவதும் காயட்டும்.

பிறகு கம்பியை மணல்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, சவர்க்காரத்தில் கழுவி, அதன்பின் விரல் படாமல் 5 சென்ரிமீற்றர் நீளம் கடல்நீரில் அமிழ்த்த வேண்டும். இரண்டு பற்றறியையும் தொடராக இணைத்து, நேர் முனையைத் தடையி வழியாக வெள்ளிக்கும், மறை முனையைக் கரண்டிக்கும் கொடுத்தால் 0.9 மில்லி அம்பியர் அளவில் ஓடும். சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 0.6 மில்லி அம்பியர். அரை மணித்தியாலம் விட வேண்டும். கரண்டியில் பொடிக் குமிழிகள் எழும். அது ஐதரசன், நீர்ப்பகுப்பின் ஒரு பாதி. வெள்ளிப் பக்கம் குமிழியே வராது. ஒட்சிசனோ குளோரீனோ வெளிவரத் தேவையான அழுத்தத்துக்கு வெகு கீழேயே வெள்ளி குளோரைட்டாக மாறிவிடுவதுதான் காரணம். கம்பி முதலில் மங்கும், பிறகு பழுப்பாகும், கடைசியில் நாவற்பழத் தோலின் நிறத்துக்கு வரும்.

எங்காவது பளபளப்புத் திட்டு மிஞ்சினால் அங்கே எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருக்கிறது. மணல்தாள் போட்டுத் திரும்பச் செய்ய வேண்டும். அமோனியாவில் கழுவினால் குளோரைட்டு கரையும் என்பது உண்மைதான். ஆனால் வெள்ளி கரைந்த அமோனியாக் கரைசலை வைத்திருந்தால் வெடிக்கக்கூடிய பொருள் உருவாகும், ஆகவே அந்த வழி வேண்டாம். அவசரப்பட்டு 9 வோல்ற்று பற்றறியை நேரடியாகக் கொடுத்தால் பூச்சு தடிப்பாக எழும்பி, செதில் செதிலாக உதிரும். பற்றறியே இல்லாமல், துணி வெளுக்கும் குளோரீன் திரவத்தில் அரை மணித்தியாலம் போட்டாலும் பூச்சு பிடிக்கும். மெல்லியது, சீக்கிரம் தேயும், ஓரிரு அளவீட்டுக்குப் போதும்.

ஊசிக்குழாயின் முனைத்துளையில் முறுக்கிய பருத்தி நூலை இறுக்கி அடைத்து, அதே திறந்த கடல்நீரைக் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி, வெளியே கறுப்பு ரேப் சுற்ற வேண்டும். வெளிச்சம் பட்டால் வெள்ளிக் குளோரைட்டு சிதையும்.

இரண்டு மின்வாயையும் ஒரே கிளாஸ் கடல்நீரில் இரவு முழுவதும் வைத்து, காலையில் ஒன்றுக்கொன்று அளந்தால் 5 மில்லிவோல்ற்றுக்குள் ஒத்துப்போக வேண்டும். 10க்கு மேல் போனால் ஒன்று பழுது. எது என்று அறிய, புதிதாகச் சுரண்டிய நல்ல சிங்க் துண்டை அதே கிளாஸில் வைத்து அளக்கலாம்: −1.03 வோல்ற்றுக்குப் பக்கத்தில் காட்டும் மின்வாய்தான் சரி.

பல்மானியின் (மல்ரிமீற்றரின்) உள்தடை 10 மெகா ஓம் இருக்க வேண்டும். மலிவான சிலவற்றில் 1 மெகா ஓம்தான். நூல் அடைப்பின் தடை 50 கிலோ ஓம் ஆகிவிட்டால், அப்படிப்பட்ட பல்மானி 1 வோல்ற்றில் ஏறத்தாழ 50 மில்லிவோல்ற்றை விழுங்கிவிடும். கீழே வரும் முடிவுகள் எல்லாம் அந்த அளவு வித்தியாசங்களில்தான் தங்கியிருக்கின்றன.

படகில் அளவிடல்

கறுப்பு முனை வெள்ளி மின்வாய்க்கு, சிவப்பு முனை உலோகத்துக்கு. மின்வாயைப் பின்பக்கத்தால் இறக்கி, புரொப்பெல்லரிலிருந்து ஓர் அடி தூரத்தில் தொங்கவிட வேண்டும். உலோகத்தைப் படகுக்குள்ளிருந்தே தொடலாம்: சாஃப்ட், சுக்கான் தண்டின் தலை, எஞ்சின் உடல், சிங்க் போல்ட்டின் உள்முனை. பெயின்ற்றையும் துருவையும் சுரண்டி, மினுங்கும் உலோகத்தில் கூரான முனையை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

சிங்க் போல்ட் −1.04 வோல்ற்று. எஞ்சின் உடல் −1.03. சாஃப்ட் −0.32. சுக்கான் −0.63.

இந்த நான்கு எண்களிலேயே கோளாறு தெரிந்துவிட்டது. கம்பியால் ஒழுங்காக இணைந்த உலோகங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தைக் காட்ட வேண்டும். சிங்க்குடன் இணைந்திருந்தது எஞ்சின் மட்டுமே. அது கடலைத் தொடுவதே குளிரூட்டும் குழாய் வழியாகத்தான். புரொப்பெல்லர் பூட்டிய சாஃப்ட், சிங்க்குடன் இணைக்காத செப்புக் கலப்புலோகத்தின் எண்ணிலும், சுக்கான் தன் பாட்டுக்குத் துருப்பிடிக்கும் இரும்பின் எண்ணிலும் நின்றன. இரும்புக்குப் பாதுகாப்பு உண்டு என்று சொல்ல, இந்த மின்வாய்க்கு −0.80 அல்லது அதைவிட மறையாக இருக்க வேண்டும்.

தொடர்பு எங்கே அறுந்தது என்பது புதிர் அல்ல. கியர்பெட்டிக்கும் சாஃப்ட்டுக்கும் இடையில் அதிர்வைக் குறைக்க இறப்பர் கப்ளிங் போட்டிருந்தது. இறப்பர் மின் கடத்தாது. சுக்கான் தண்டு பிளாஸ்ரிக் புஷ்களில் சுழல்கிறது. ஆக இரண்டும் தனித்தீவுகள். இறப்பர் கப்ளிங் போட்ட படகுகளில் இதை முதலில் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

தொடர்பைப் பல்மானியின் “பீப்” சத்தத்தை வைத்துத் தீர்மானிக்கவே கூடாது. பெரும்பாலான பல்மானிகள் சில பத்து ஓம் வரைக்கும் பீப் அடிக்கும். இங்கே சிங்க்குக்கும் −0.80க்கும் இடையில் உந்துவிசை வெறும் 0.23 வோல்ற்று. தேவையான மின்னோட்டம் 0.28 அம்பியர் (கணக்கு கீழே). பாதையில் ஒரே ஒரு ஓம் தடை இருந்தால் அதிலேயே 0.28 வோல்ற்று விழும், உந்துவிசை முழுவதும் போய்விடும். பீப் அடிக்கும், சுக்கான் துருப்பிடிக்கும்.

சரியான சோதனை, படகு கரையில் நிற்கும்போது: 12 வோல்ற்று பற்றறியின் ஒரு முனையை, வாகனத்தின் 21 வாற்று சிக்னல் பல்ப் வழியாகச் சாஃப்ட்டுக்கும், மறுமுனையைச் சிங்க் போல்ட்டுக்கும் கொடுத்தால் 1.75 அம்பியர் ஓடும். அப்போது சாஃப்ட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையில், பல்மானியின் தனி முனைகளால் மில்லிவோல்ற்றில் அளக்க வேண்டும். 20க்குள் இருந்தால் தடை ஏறத்தாழ 0.01 ஓம், நல்லது. நீரில் மிதக்கும்போது இதைச் செய்யக் கூடாது; தொடர்பு அறுந்திருந்தால் அந்த 1.75 அம்பியரும் கடல் வழியாக ஓடி, நேர் முனையில் பூட்டிய உலோகத்தையே கரைக்கும்.

பழுது பார்த்தல்

சுக்கான் எளிது. தண்டின் தலையில் பித்தளைக் கிளாம்ப், அதிலிருந்து 16 சதுர மில்லிமீற்றர் பின்னல் செம்பு வயர், சுக்கான் இரு பக்கமும் முழுதாகத் திரும்பினாலும் இழுபடாத அளவுக்குத் தளர்வான வளையம். வயரின் நுனிகளுக்கு வெள்ளீயம் பூசி, காது போட்டு அழுத்தி, மேலே கிறீஸ் பூச வேண்டும். பூசாத செம்பு வயரை உப்பு உள்ளிழைவரை பச்சையாக்கிவிடும்.

சாஃப்ட்தான் பாடு. இறப்பர் கப்ளிங்கைத் தாண்டி ஒரு வயர் போட்டால் போதும் என்று தோன்றும். போதாது. கியர்பெட்டிக்குள் தாங்கிகளுக்கு நடுவில் எண்ணெய்ப் படலம் இருக்கிறது. நிற்கும்போது தொடர்பு இருக்கும், சுழலும்போது வந்து போகும். அதனால் சாஃப்ட்டில் நேரடியாக உரசும் தூரிகை தேவை. ஸ்ரெயின்லெஸ்ஸின் மேல் தூரிகையை நேரே வைத்தால் அதன் ஒட்சைட்டுப் படலம் தடையைக் கூட்டும். எனவே 2 மில்லிமீற்றர் தடிப்பும் 25 மில்லிமீற்றர் அகலமும் உள்ள செம்புப் பட்டையை இரண்டு பாதியாக வளைத்து, சாஃப்ட்டைப் பளபளப்பாகத் தேய்த்தபின் போல்ட்டால் இறுக்கிப் பூட்டியது. அதன்மேல் தூரிகை.

தூரிகைக்கு வாகன ஸ்ராற்றர் மோட்டாரின் பிறஷ் பொருத்தமானது. அதில் செம்புத் தூள் நிறைய உண்டு. அல்ரனேற்றரின் பிறஷ் பெரும்பாலும் காரீயம் (கிராபைற்), தடை கூடியது, பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அதை எடுக்கக் கூடாது. இரண்டு பிறஷ், எதிரெதிரே, தடித்த பிளாஸ்ரிக் பலகையில் துளைத்த பள்ளங்களில், சுருள்வில்லுடன். கிளாண்டிலிருந்து (சாஃப்ட் படகுக்குள் நுழையும் இடத்து நீரடைப்பிலிருந்து) சொட்டும் உப்புநீர் தெறிக்காத தூரத்தில் வைக்க வேண்டும், இல்லையென்றால் பட்டை ஒரே வாரத்தில் பச்சை பிடிக்கும். எஞ்சின் ஓடும்போது சாஃப்ட்டுக்கும் சிங்க் வயருக்கும் இடையில் அளந்தால் 20 மில்லிவோல்ற்றுக்குள் இருக்க வேண்டும். எண் துள்ளினால் சுருள்வில் தளர்வு, அல்லது பட்டையில் எண்ணெய்.

சிங்க் எவ்வளவு? சுக்கான் 60 × 80 சென்ரிமீற்றர், இரு முகமும் 0.96 சதுர மீற்றர். புரொப்பெல்லரும் வெளியே தெரியும் சாஃப்ட்டும் சேர்த்து ஏறத்தாழ 0.6. சூடான கடலில் வெறும் உருக்குக்குத் தொடக்கத்தில் சதுர மீற்றருக்கு 150 மில்லி அம்பியரும், மேற்பரப்பு வெள்ளைப் படிவால் மூடிய பிறகு சராசரியாக 70ம் எடுத்துக்கொள்வது டிஎன்வி என்ற கப்பல் தரச்சான்று நிறுவனத்தின் வழிகாட்டியின் வழக்கம். சுக்கான் புரொப்பெல்லரின் நீரோட்டத்தில் நிற்பதால் 100 வைத்தது. சுழலும் புரொப்பெல்லரில் படிவு நிற்காது. ஓடும்போது 500, கட்டியிருக்கும்போது 100, பாதி நேரம் ஓட்டம் என்று கணக்கிட்டது. மொத்தம் 0.28 அம்பியர். வருடத்துக்கு 2,450 அம்பியர்-மணி. ஒரு கிலோ நாகம் நடைமுறையில் கொடுப்பது 780. கட்டியில் எண்பது வீதமே பயன்படும் என்று கொண்டால் 4 கிலோ. முன்பிருந்த கட்டிகளின் எடை போதுமானதுதான். மாற்றியதற்குக் காரணம் வேறு: ஒன்றின் மேல் அடிப்பெயின்ற் அடித்திருந்தது.

கட்டி வாங்கும்போது பார்க்க வேண்டியது இரும்பின் அளவு. நாகத்தில் இரும்பு 0.005 வீதத்தைத் தாண்டினால் அதன் மேல் கடினமான மேலோடு பிடித்து மின்னோட்டம் நின்றுவிடும். பழைய தகரமும் கார்பரேற்றர் உடலும் உருக்கிக் கட்டி வார்ப்பவர்கள் உண்டு. உருக்குவதோ இரும்புச் சட்டியில், 420 பாகைக்கு மேல் உருகிய நாகம் அந்தச் சட்டியையே கரைத்து உள்ளே எடுத்துக்கொள்ளும். கரைக்கு எடுத்த கட்டியின் மேற்பரப்பு பள்ளம் மேடாக, சாம்பல் நிறப் பொடியுடன் இருந்தால் அது உழைத்திருக்கிறது; வழவழவென்று கடினமாக இருந்தால் சந்தேகிக்க வேண்டும்.

நீரில் இறக்கிய பின்

இம்முறை மின்வாயை ஒவ்வோர் உலோகத்துக்கும் பக்கத்தில் நகர்த்தி அளந்தது; நடுவிலுள்ள நீரின் தடையால் எண்கள் கொஞ்சம் வேறுபடும். சாஃப்ட் சில நிமிடங்களில் −0.32இலிருந்து −0.71க்கு வந்து, மறுநாள் காலை −0.88. சுக்கான் −0.80, பிறகு −0.93. சிங்க் −1.04இலிருந்து −1.01க்கு ஏறியது, அது இப்போது சுமை சுமக்கிறது என்பதற்கு அடையாளம். அழுத்தம் மெதுவாக இறங்கிக்கொண்டே போவதற்கும் காரணம் உண்டு. உலோகத்தின் மேல் நீரில் கரைந்த ஒட்சிசன் தாழ்த்தப்படும்போது ஐதரொட்சைட்டு உண்டாகி, மேற்பரப்பை ஒட்டிய நீரின் காரத்தன்மை கூடுகிறது. அங்கே கடலிலுள்ள கல்சியம் காபனேற்றாகவும் மகனீசியம் ஐதரொட்சைட்டாகவும் வெள்ளையாகப் படிகிறது. இந்தப் படிவு ஒட்சிசன் வரும் வழியை அடைக்க, தேவையான மின்னோட்டம் தானாகவே குறைகிறது. படகைக் கழுவும்போது இந்த வெள்ளையை உப்பென்று நினைத்துக் கம்பித் தூரிகையால் சுரண்டுவது சிங்க்கை வீணாக்கும் வேலை.

புரொப்பெல்லர் கதை வேறு. செப்புக் கலப்புலோகம் கரையாமல் நின்றால் செம்பு அயன் கடலுக்குள் கசியாது. கசியாவிட்டால் கொட்டலசு (ஓடுள்ள ஒட்டுயிரி) ஒட்டும். 1824இல் ஹம்ஃப்ரி டேவி பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகட்டை இரும்பும் நாகமும் வைத்துக் காத்தபோது நடந்ததும் இதுதான்: செம்பு கரையவில்லை, கப்பலின் அடியில் பாசியும் சிப்பியும் மண்டின. ஆகவே பாதுகாப்பு வேலை செய்யத் தொடங்கியபின் புரொப்பெல்லரை அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும். குறைசொல்ல இடமில்லை, இதழ் மிஞ்சுகிறதே.

சிங்க்குக்குப் பதிலாக இன்னும் “பலமான” மகனீசியக் கட்டி போட்டால் என்ன என்ற கேள்வி வரும். வேண்டாம். அதன் அழுத்தம் −1.5 அளவில், அந்த அழுத்தத்தில் சுக்கானின் மேல் நீரே பகுபட்டு ஐதரசன் வெளிவரும், பெயின்ற் கொப்பளிக்கும், வலிமை கூடிய உருக்கு போல்ட்டுகள் ஐதரசனை உள்வாங்கி நொறுங்கும். பலகைப் படகென்றால் ஆணிகளைச் சுற்றிய காரம் மரத்தையே கூழாக்கும். கணக்குப்படி பார்த்தால், கடல்நீரில் ஐதரசன் −0.73க்கு அருகிலேயே தொடங்கலாம். சிங்க் அழுத்தத்தில் அது பெரிதாக வராமலிருப்பது இரும்பு அந்தத் தாக்கத்துக்குச் சோம்பலான ஊக்கி என்பதால்தான். நீர்ப்பகுப்புக் கலத்தில் பிளாற்றினமும் நிக்கலும் தேடிப் பூசுவது அந்தச் சோம்பலைப் போக்க. சுக்கானில் அந்தச் சோம்பல் நமக்கு வேண்டியது.

மாரியில் என்ன மாறும்

கொட்டியாரக் குடாவுக்குள் மகாவலி கலக்கிறது. வாடைக்காற்றுடன் மாரி பிடித்ததும் மூதூர், கிண்ணியாப் பக்கம் மேல்நீரின் உப்பு சட்டென்று குறையும். உப்பு பாதியானால் நீரின் தடை ஏறக்குறைய இரட்டிப்பாகி, கட்டி கொடுக்கக்கூடிய மின்னோட்டம் பாதியாகும். சாதாரண கடல்நீரில் 20 × 20 சென்ரிமீற்றர் முகமுள்ள கட்டி 0.2 வோல்ற்று உந்துவிசையில் 0.7 அம்பியர் வரை கொடுக்கும் என்பதால் இந்தப் படகுக்கு இழப்பில்லை. முகத்துவாரத்திலேயே மாதக்கணக்கில் கட்டிக் கிடக்கும் படகுகளுக்கு அலுமினியம்–நாகம்–இந்தியம் கலப்புக் கட்டி நல்லது. உப்புக் குறைந்த நீரில் சிங்க் மேலோடு பிடித்துத் தூங்கிவிடும். அலுமினியக் கட்டி தூங்காது, கிலோவுக்கு 2,500 அம்பியர்-மணி வரை கொடுக்கும்.

மாரி அளவீட்டையும் ஏமாற்றக்கூடும். துளையிட்ட குழாய்க்குள் வெள்ளிக் கம்பியைத் துறைமுக நீரிலேயே நனையவிட்டு அளந்தால், குளோரைட்டு பாதியாகும்போது மின்வாயே 18 மில்லிவோல்ற்று நகர்ந்துவிடும். ஊசிக்குழாய்க்குள் திறந்த கடல்நீரை அடைத்து வைத்தது இதற்காகத்தான். நூல் வழியாக மெல்லக் கலப்பதால் மாதம் ஒருமுறை உள்நீரை மாற்ற வேண்டும்.

ஒரு அளவீடு மட்டும் எப்போதும் செய்து பார்க்க வேண்டும்: படகின் பற்றறிச் சுவிச்சைப் போட்டும் எடுத்தும், அடித்தண்ணீர்ப் பம்பை ஓட்டியும் நிறுத்தியும் சுக்கானின் எண்ணைப் பார்ப்பது. எண் அசையக் கூடாது. பம்ப் ஓடும்போது 40 மில்லிவோல்ற்று நேர்ப்பக்கம் நகர்ந்தால், மிதவைச் சுவிச்சின் ஒட்டு அடித்தண்ணீரில் நனைந்து பற்றறியின் மின்னோட்டம் கடலுக்குக் கசிகிறது. அந்தக் கசிவுக்கு எந்தச் சிங்க்கும் ஈடுகொடுக்காது. 1 அம்பியர் கசிவு வருடத்துக்கு 9 கிலோ இரும்பைக் கரைக்கும். வயரை அடித்தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூக்கி, ஒட்டை வெப்பத்தில் சுருங்கும் குழாயால் மூடிய பிறகே மற்ற எண்களை நம்பலாம்.

மின்வாயை வேலை முடிந்ததும் கடல்நீர்ப் போத்தலில், நூல் முனை நனைந்தபடி, இருட்டில் வைக்க வேண்டும். காய்ந்துபோனால் பூச்சு வெடிக்கும்.